பிள்ளைக்கு முதல் கார்: விலை குறையட்டும், காப்பீடு குறைய வேண்டாம்

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு நம் வீடுகளில் இரண்டு பேச்சு ஆரம்பமாகிவிடும். ஒன்று, எந்தக் கல்லூரி. மற்றொன்று, எந்த வண்டி. கல்லூரி விஷயத்தில் ஊரிலுள்ள பெரியப்பாவிலிருந்து பக்கத்து பிளாட் மராட்டியர் வரை பத்துப் பேரிடம் யோசனை கேட்கிறோம். வண்டி விஷயத்தில் மட்டும் பிள்ளை சொன்னதையும் ஷோரூம்காரர் சொன்னதையும் கேட்டுக் கையெழுத்துப் போட்டு விடுகிறோம். இது சரியில்லை என்று நினைப்பதால்தான் இதை எழுதுகிறேன். ராஸ்தா பேட்டிலும் கட்கியிலும் சைக்கிளில் தொடங்கி, ஸ்கூட்டருக்கு முன்னேறி, நாற்பது வயதுக்கு மேல் கார் வாங்கிய தலைமுறை நம்முடையது. நம் பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயதிலேயே கார் சாவி கிடைக்கிறது. சந்தோஷமான விஷயந்தான். ஆனால் அந்தச் சாவியோடு என்னென்ன சேர்ந்து வருகிறது என்பதைப் பெற்றோர் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முதலில் வயதுக் கணக்கைப் பார்த்து விடுவோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி கார் ஓட்டப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். பதினாறு வயதில் கிடைக்கும் லைசென்ஸ் 50 சி.சி.க்கு மேற்படாத இரு சக்கர வண்டிக்கு மட்டுமே. இன்று கடைகளில் விற்கும் சாதாரண பெட்ரோல் ஸ்கூட்டர்கள் எல்லாம் 50 சி.சி.க்கு மேல். ஆகவே, "பையனுக்குப் பதினாறு ஆகிவிட்டது, டியூஷனுக்கு ஸ்கூட்டரில் போகட்டும்" என்று சொல்கிறவர்கள் தெரிந்தோ தெரியாமலோ சட்டத்தை மீறுகிறார்கள்.

2019-இல் இந்தச் சட்டத்தில் 199-ஏ என்று ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. பதினெட்டு நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றவரோ வண்டியின் உரிமையாளரோ பொறுப்பு. 25,000 ரூபாய் அபராதம், மூன்றாண்டு வரை சிறை, வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதங்களுக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடையாது. தனக்குத் தெரியாமல் எடுத்துப் போனான் என்று அப்பா நிரூபித்தால்தான் தப்பலாம். சாவி ஆணியில் தொங்கிக் கொண்டிருந்த வீட்டில் அதை நிரூபிப்பது எப்படி?

நம் புனே நகரில் இதைச் சொல்ல வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. 2024 மே 19-ஆம் தேதி அதிகாலை கல்யாணி நகரில், 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்ட வெளிநாட்டுக் கார் மோதி இரண்டு பேர் இறந்தார்கள். இருவருக்கும் வயது 24. மத்தியப் பிரதேசத்திலிருந்து வேலைக்காக இங்கே வந்த இன்ஜினியர்கள். சிறுவனுக்கு 300 சொல்லில் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் கொடுத்ததை நாடே பேசியது. நான் அப்போது நினைத்தது வேறு. இறந்த இருவரும் நம் வீட்டுப் பிள்ளைகளைப் போலவே பிழைப்புக்காக வெளியூர் வந்தவர்கள். நாளைக்கு ஸ்டியரிங்கின் பின்னால் இருப்பதும் நம் பிள்ளைதான், சாலையைக் கடப்பதும் நம் பிள்ளைதான். வண்டி வாங்கும்போது இரண்டு பக்கத்தையும் யோசிக்க வேண்டும்.

சரி, பதினெட்டு நிரம்பிவிட்டது என்று வைத்துக் கொள்வோம். எந்தக் கார்?

அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ இருக்கும் மைத்துனர், "பையன் பேரைச் சேர்த்தவுடன் இன்ஷூரன்ஸ் எகிறிவிட்டது" என்று போனில் புலம்புவார். அங்கே ஓட்டுகிறவரின் வயதைப் பார்த்துப் பிரீமியம் போடுகிறார்கள். நம் நாட்டில் வழக்கம் வேறு. பிரீமியம் பெரும்பாலும் வண்டியைப் பொறுத்தது: இன்ஜின் எத்தனை சி.சி., வண்டியின் இன்றைய மதிப்பு என்ன, எத்தனை வருடம் பழசு, எந்த ஊரில் பதிவானது. ஆகவே இங்கே பிரீமியத்தைக் குறைக்கும் வழி, வண்டியைத் தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கிறது.

காப்பீட்டில் இரண்டு பகுதி உண்டு. முதலாவது தர்டு பார்ட்டி. நம் வண்டியால் பிறருக்கு நேரும் சாவு, காயம், சொத்து நஷ்டம் ஆகியவற்றுக்கானது. இது இல்லாமல் வண்டி எடுக்கவே கூடாது. இதன் விகிதத்தை அரசு நிர்ணயிக்கிறது. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ஒன்றுதான். 2022 ஜூன் முதல் தேதி அமலான விகிதப்படி 1000 சி.சி. வரை உள்ள காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய். 1000-க்கு மேல் 1500 வரை 3,416 ரூபாய். 1500-க்கு மேல் 7,897 ரூபாய். இதன்மேல் ஜி.எஸ்.டி. தனி. அதாவது 998 சி.சி. வண்டிக்கும் 1197 சி.சி. வண்டிக்கும் வருடத்துக்கு 1,322 ரூபாய் வித்தியாசம். ஆல்டோ கே-10, செலெரியோ, எஸ்-பிரெஸ்ஸோ, வேகன்-ஆரின் ஒரு லிட்டர் வகை, ரெனோ க்விட் ஆகியவை 1000-க்குள் அடங்கும். ஸ்விஃப்ட், டியாகோ போன்றவை அடங்கா. வேகன்-ஆர் என்று பெயரை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது; அதில் 1197 சி.சி. வகையும் உண்டு. ஆர்.சி. புத்தகத்தில் சி.சி. எண்ணைப் பாருங்கள்.

இரண்டாவது பகுதி, நம் சொந்த வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கானது. இதற்கான விகிதத்தைக் கம்பெனிகளே வைத்துக் கொள்கின்றன. ஆகவே மூன்று இடத்தில் விலை கேட்காமல் புதுப்பிக்காதீர்கள். வண்டியின் மதிப்புக் குறையக் குறைய இந்தப் பகுதியும் குறையும். புது வண்டி ஆறு மாதம் தாண்டினாலே காப்பீட்டுக் கணக்கில் 15 சதவீதம் மதிப்பு இழக்கிறது. இரண்டு வருடம் தாண்டினால் 30, நான்கு தாண்டினால் 50. இந்த இழப்பை முதல் சொந்தக்காரர் தாங்கட்டும். கற்றுக் கொள்கிற பிள்ளைக்கு நான்கைந்து வருடம் ஓடிய வண்டியே போதும், அதுவே நல்லது என்பது என் கட்சி.

இங்கே ஒரு எச்சரிக்கை. "அப்படியானால் ஐம்பதாயிரத்துக்குப் பழைய மாருதி 800 வாங்கி விடலாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. நமக்கெல்லாம் அந்த வண்டியின்மேல் தனிப் பாசம். 1983 டிசம்பரில் வந்து இந்த நாட்டு நடுத்தரக் குடும்பத்துக்குக் கார் என்பதைக் கைக்கெட்டச் செய்த வண்டி. ஆனால் பாசம் வேறு, பாதுகாப்பு வேறு. 2014-இல் குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சிறிய கார்களை மோதிப் பார்த்தது. ஏர்பேக் இல்லாத அடிப்படை வகைகள் ஐந்துமே பெரியவர் பாதுகாப்பில் பூஜ்யம் வாங்கின. அதன் பிறகுதான் சட்டம் இறுகியது. 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். பிரேக்கும், 2019 ஜூலை முதல் ஓட்டுநர் ஏர்பேக்கும் கட்டாயமாயின. முன்னிருக்கைப் பயணிக்கான ஏர்பேக், பழைய மாடல்களிலும் 2021 இறுதியிலிருந்து கட்டாயம். ஆகவே என் அளவுகோல் எளிது: 1000 சி.சி.க்குள் இருக்க வேண்டும். 2019 ஜூலைக்குப் பிறகு தயாரானதாக இருக்க வேண்டும். முடிந்தால் இரண்டு ஏர்பேக் உள்ளதாக இருக்க வேண்டும். புதுசாக ஓட்டுகிறவனுக்குத்தான் இவை அதிகம் தேவை. இருபது வருடம் ஓட்டிய அப்பா பெரிய வண்டியில் போவதும், நேற்றுக் கற்ற பிள்ளை ஏர்பேக் இல்லாத பழைய வண்டியில் போவதும் தலைகீழ் நியாயம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வண்டியின் விலையைக் குறைத்த பெருமையில் பலர் காப்பீட்டையும் குறைத்து விடுகிறார்கள். "பழைய வண்டிதானே, தர்டு பார்ட்டி மட்டும் போதும்" என்கிறார்கள். வண்டிக்குப் போதும், உள்ளே உட்காருகிற மனிதர்களுக்குப் போதாது. வெறும் தர்டு பார்ட்டி பாலிசியில், காரின் உள்ளே இலவசமாக வரும் நண்பனுக்கோ தங்கைக்கோ அடிபட்டால் கம்பெனி பொறுப்பேற்காது. 2006-இல் திலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் இதுதான். இரண்டு பகுதியும் சேர்ந்த பேக்கேஜ் பாலிசியில் அவர்களுக்கும் பாதுகாப்பு உண்டு. கல்லூரிப் பிள்ளை காரை எடுத்தால் தனியாகவா போகப் போகிறான்? நான்கு நண்பர்களை ஏற்றிக் கொண்டு சிங்ககட் போவான். அந்த நான்கு பேரின் பெற்றோருக்கும் நாம் பதில் சொல்ல வேண்டும். ஆகவே காரைப் பழையதாக வாங்குங்கள். பாலிசியை முழுசாக எடுங்கள்.

மற்றொரு ஓட்டையும் பலருக்குத் தெரிவதில்லை. பாலிசியோடு கட்டாயமாக வரும் 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு, உரிமையாளரும் ஓட்டுநருமாக இருப்பவருக்கு மட்டும். வண்டி அப்பா பெயரில் இருந்து பிள்ளை ஓட்டினால் அது பிள்ளைக்குக் கிடைக்காது. லைசென்ஸ் இல்லாத அம்மா பெயரில் வண்டி இருந்தால் அம்மாவுக்கும் கிடையாது. பிள்ளையின் பெயரைக் குறிப்பிட்டுத் தனி விபத்துக் காப்பீடு சேர்க்கச் சொல்லுங்கள். மற்றப் பயணிகளுக்கும் பெயர் குறிப்பிடாமல் சேர்க்கலாம். இதற்கான கூடுதல் தொகை சிறியது. அதேபோல, பிறர் சொத்துக்கு நேரும் நஷ்டத்துக்கு வழக்கமாக ஏழரை லட்சம் வரை பொறுப்பு உண்டு. அதை வெறும் 6,000 ரூபாய்க்குச் சுருக்கிக் கொண்டால் பிரீமியத்தில் நூறு ரூபாய் குறையும். நூறு ரூபாய் மிச்சம் பிடித்து, பிள்ளை யாருடைய புது எஸ்.யூ.வி.யின் கதவையாவது இடித்தால் முழு பில்லும் நம் தலையில். குறைத்திருக்கிறார்களா என்று பாலிசியில் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

புதுசாக ஓட்டுகிறவன் வண்டியைக் கீறாமல் இருக்க மாட்டான். சொசைட்டித் தூணும் பார்க்கிங் சுவரும் அவனுக்காகவே கட்டப்பட்டவை. ஒவ்வொரு கீறலுக்கும் கிளெய்ம் போடாதீர்கள். கிளெய்ம் இல்லாத வருடங்களுக்கு நோ கிளெய்ம் போனஸ் என்ற தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஒரு கணக்குப் பார்ப்போம். சொந்தச் சேதப் பகுதிக்குப் பிரீமியம் 6,000 ரூபாய். போனஸ் 50 சதவீதம். ஆகவே 3,000 கட்டுகிறீர்கள். ஒரு கிளெய்ம் போட்டால் அடுத்த வருடம் 6,000, பிறகு 4,800, 4,500, 3,900, 3,300 என்று கட்டித்தான் மறுபடி 3,000-க்கு வர முடியும். மொத்தம் 7,500 ரூபாய் கூடுதல். கிளெய்மில் நாமே ஏற்க வேண்டிய கட்டாயத் தொகை 1,000 ரூபாயையும் சேர்த்தால் 8,500. அதற்குக் குறைவான பழுதைக் கைக்காசில் சரி செய்வதே லாபம். அந்தக் காசில் பாதியைப் பிள்ளையின் பாக்கெட் மணியில் பிடித்தால் பாடமும் நன்றாகப் பதியும். ஆனால் ஆளுக்கு அடிபட்ட எந்தச் சம்பவத்தையும் மறைக்கவோ பேசி முடிக்கவோ கூடாது. அதை உடனே போலீசுக்கும் கம்பெனிக்கும் சொல்ல வேண்டும்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு இன்னும் சில வார்த்தைகள். விற்பவரின் போனஸ் நமக்கு வராது; அது ஆளுக்குச் சொந்தம், வண்டிக்கு அல்ல. வண்டி கைமாறிய 14 நாட்களுக்குள் பாலிசியை நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் சொந்தச் சேதத்துக்குக் கிளெய்ம் போடும்போது கம்பெனி கைவிரிக்க இடமுண்டு. நானே ஒரு தடவை "அடுத்த மாதம் புதுப்பிக்கும்போது மாற்றிக் கொள்ளலாம்" என்று சோம்பலாக இருந்து, அந்த மாதத்திலேயே ஆட்டோ இடித்த பின்கதவுக்குக் கைக்காசு கொடுத்தவன். கேஸ் கிட் பொருத்திய வண்டியானால் அது ஆர்.சி.யிலும் பாலிசியிலும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று தலைநகரின் பழைய வண்டிகளின்மேல் கை வைப்பவர்களும் உண்டு. டெல்லியில் பத்தாண்டு டீசல் வண்டிகளுக்கும் பதினைந்தாண்டு பெட்ரோல் வண்டிகளுக்கும் எதிராக 2015-இல் பசுமைத் தீர்ப்பாயமும் 2018-இல் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டன. அதன் பிறகு அங்கிருந்து ஏராளமான வண்டிகள் வெளி மாநிலங்களுக்கு வந்தன. வயதான டீசல் வண்டி, கற்கிற பிள்ளைக்கு எந்த விலையிலும் மலிவல்ல. வெள்ளத்தில் முழுகிய வண்டிகளும் சந்தையில் உலவும். 2015 சென்னை வெள்ளமும், 2019 செப்டம்பரில் நம் புனே ஓடைகள் பொங்கியதும் நினைவிருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சேற்றுக் கறை இருந்தால் கும்பிடு போட்டு விட்டு வந்து விடுங்கள். தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போகும் செலவு வீண் செலவல்ல.

நம்மில் பலருக்கு இன்னொரு வழியும் உண்டு. ஊரில் தாத்தா ஓட்டாமல் நிறுத்தி வைத்திருக்கும் கார். "பேரன் எடுத்துக் கொண்டு போகட்டும்" என்பார். பத்திரமாகப் பராமரித்த வண்டியானால் இதைவிட நல்ல முதல் கார் கிடையாது. ஆனால் டி.என். நம்பரோடு காலம் தள்ள முடியாது. வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதுப் பதிவெண் வாங்க வேண்டும். ஊர் ஆர்.டி.ஓ.விடம் தடையின்மைச் சான்று வாங்கி, மகாராஷ்டிரத்தில் வரி கட்டி, தமிழ்நாட்டில் மிச்சக் காலத்து வரியைத் திருப்பிக் கேட்க வேண்டும். காப்பீட்டுக் கம்பெனிக்கும் ஊர் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். இந்தச் செலவையும் அலைச்சலையும் கணக்கில் சேர்த்துப் பார்த்து விட்டுத் தாத்தாவுக்குப் பதில் சொல்லுங்கள்.

கற்றுக் கொடுப்பது பற்றி. எல்.எல்.ஆர். கையில் வந்து முப்பது நாள் கழிந்த பிறகே தேர்வுக்குப் போகலாம். அது ஆறு மாதம் செல்லும். அந்தக் காலத்தில் பிள்ளை தனியாக ஓட்டக் கூடாது. லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில், வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் உட்கார வேண்டும். முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு எல் போர்டு, 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பிள்ளைகள் எல் போர்டை வெட்கமாக நினைக்கிறார்கள். அதை ஒழுங்காக மாட்டிக் கொண்டு, ஆள் துணையோடு ஓட்டியிருந்தால் எல்.எல்.ஆரும் செல்லுபடியாகும் லைசென்ஸே என்று 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எந்த லைசென்சும் இல்லாதவன் ஓட்டினால் நிலைமை வேறு. அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுத்தாலும், அந்தத் தொகையை உரிமையாளரிடம் வசூலிக்க அதற்கு உரிமை உண்டு. சாவுக்கும் படுகாயத்துக்கும் தீர்ப்பாகும் தொகை பல லட்சத்தில் இருக்கும். முப்பது வருடம் கடன் கட்டி வாங்கிய பிளாட்டையே விற்க வேண்டி வரலாம்.

ஆகவே முதல் பத்துப் பதினைந்து வகுப்பை, பயிற்றுநர் காலடியில் தனி பிரேக் உள்ள டிரைவிங் ஸ்கூல் காரில் கற்கட்டும். பிறகு ஞாயிறு அதிகாலையில் அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் உட்காரட்டும். மழைக் காலத்தில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை, காத்ரஜ் மலை இறக்கத்தில் கியரிலேயே இறங்க ஒரு தடவை என்று கூடவே போங்கள். லைசென்ஸ் வந்த பிறகும் ஆறு மாதத்துக்கு இரவு ஓட்டம் வேண்டாம், ஒருவருக்கு மேல் நண்பர் வேண்டாம் என்று வீட்டுச் சட்டம் போடலாம். இதை மகனுக்கு மட்டும் சொல்லவில்லை. பல வீடுகளில் மகனுக்குச் சாவி, மகளுக்கு ரிக்‌ஷாக் காசு என்று இன்னும் இருக்கிறது. வேலைக்காக வெளியூர் போகப் போகும் மகளுக்கும் இந்தக் கல்வி அதே அளவுக்குத் தேவை.

கடைசியாக ஒன்று. அந்த முதல் காரைப் "பிறந்த நாள் பரிசு" என்று ரிப்பன் கட்டிக் கொடுக்காதீர்கள். குடும்ப வண்டியாகவே வாங்குங்கள். காய்கறி வாங்கவும், பாட்டியை ரயிலேற்றவும், சங்க விழாவுக்குத் தண்ணீர்க் கேன் ஏற்றி வரவும் பிள்ளை அதை ஓட்டட்டும். பெட்ரோல் கணக்கையும், பாலிசி முடியும் தேதியையும் அவன் பொறுப்பில் விடுங்கள். 90 நாளுக்கு மேல் பாலிசி காலாவதியானால் சேர்த்து வைத்த போனஸ் போய்விடும் என்பதும் அவனுக்குத் தெரியட்டும். ஊர் மெச்சப் புதுக் காரைக் கடனில் வாங்கி, ஏழு வருடம் தவணை கட்டி, அதில் விழும் ஒவ்வொரு கீறலுக்கும் பிள்ளையைத் திட்டுவதைவிட, கீறினாலும் மனம் நோகாத ஒரு சின்ன வண்டியை வாங்கி நிதானமாகக் கற்றுக் கொடுப்பது மேல். பெரிய கார் அவனே சம்பாதித்து வாங்கட்டும். அதுவரை வீட்டுக்குள் வண்டி நுழையும் சத்தத்துக்காக இரவு விழித்திருக்கும் தாய்மார்களுக்கு நாம் செய்யக்கூடிய உதவி இதுதான்.